தோற்றவரின் கையெழுத்து

2024 டிசம்பர் 2 அன்று ருமேனியாவின் அரசியல் சாசன நீதிமன்றம், அதிபர் தேர்தலின் முதல் சுற்று முடிவு செல்லும் என்று அறிவித்தது. அதற்கு முன்பே 94 லட்சம் வாக்குச்சீட்டுகளை மீண்டும் எண்ணும்படி உத்தரவிட்டு, அந்தக் கணக்கையும் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னது. நான்கே நாள் கழித்து, டிசம்பர் 6 வெள்ளிக்கிழமை, அதே நீதிமன்றம் அதே தேர்தல் முழுவதையும் ஒருமனதாக ரத்து செய்தது. இரண்டாம் சுற்றுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. வெளிநாடுகளில் வாழும் ருமேனியர்களுக்கு வாக்குப்பதிவு அன்று காலையே தொடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் முத்திரை குத்தி, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வீடு திரும்பியிருந்தார்கள்.

தேர்தலில் வெளிநாட்டுத் தலையீடு என்ற பேச்சு இப்போது உலகமெங்கும் அடிபடுகிறது. பெரும்பாலான இடங்களில் அது தோற்றவர்களின் புலம்பலாகத் தொடங்கித் தொலைக்காட்சி விவாதமாகத் தேய்ந்து முடிந்துவிடும். ருமேனியாவில் அது ஒரு தேசியத் தேர்தலையே விழுங்கியது. அதனால்தான் இந்த விவகாரத்தை அன்றிலிருந்து விடாமல் படித்துவருகிறேன். ஐரோப்பாவைப் பற்றி எழுதும் நம்மவர்கள் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். "ரஷ்யாவின் சதியை நீதிமன்றம் முறியடித்தது" என்பது ஒரு தரப்பு. "மக்கள் தீர்ப்பை மேல்தட்டு திருடியது" என்பது இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டுமே சோம்பேறித்தனமாகப் படுகின்றன. ரஷ்யா கையை நீட்டியிருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் அந்தக் கையைக் காட்டியே உள்ளூர்க் கைகள் பல தப்பித்துக்கொண்டன என்பதுதான் என்னை உறுத்துகிறது.

முதலில் நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 24 அன்று முதல் சுற்று. கருத்துக்கணிப்புகள் ஒற்றை இலக்கத்தில் வைத்திருந்த கலின் ஜார்ஜெஸ்கு என்ற சுயேச்சை வேட்பாளர் 22.94 சதவீதம் பெற்று முதலிடத்துக்கு வந்தார். இரண்டாவது வந்த எலெனா லாஸ்கோனிக்கு 19.18 சதவீதம். பதவியிலிருந்த பிரதமர் மார்செல் சொலாக்கு 2,740 வாக்குகளில் இரண்டாம் இடத்தைத் தவறவிட்டார். கம்யூனிச ஆட்சி வீழ்ந்ததிலிருந்து நாட்டின் மிகப் பெரிய கட்சியாக இருந்துவரும் சமூக ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றுக்கே போக முடியவில்லை. அன்றிரவு புக்காரெஸ்ட் ஸ்டுடியோக்களில் உட்கார்ந்திருந்த அரசியல் நிபுணர்களுக்கு ஜார்ஜெஸ்குவைப் பற்றிச் சொல்ல அதிகம் இருந்திருக்காது. தொலைக்காட்சியில் அவர் அவ்வளவு அரிதாகவே தென்பட்டிருந்தார். அவர் வளர்ந்தது டிக்டாக்கில்.

மண்ணியல் படித்தவர், ஐக்கிய நாடுகள் அவை தொடர்பான பொறுப்புகளில் இருந்தவர். குதிரையேற்றம், ஜூடோ, பனி நீரில் நீச்சல் என்று காணொளிகளில் வருவார். பேச்சில் மண்ணும் இறைவனும் முன்னோரும் நிறைந்திருப்பார்கள். இதோடு நின்றிருந்தால் இன்னொரு சாமியார் அரசியல்வாதி என்று விட்டுவிடலாம். 1930களில் யூத வெறுப்பை மூலதனமாக வைத்து இயங்கிய இரும்புக் காவல் படையின் தலைவர் கொட்ரியானுவையும், ஹிட்லரோடு கூட்டுச் சேர்ந்த மார்ஷல் அந்தோனெஸ்குவையும் அவர் வீரர்களாகப் போற்றினார். டெவெசெலுவில் உள்ள நேட்டோ ஏவுகணைத் தடுப்புத் தளத்தை ருமேனிய ராஜதந்திரத்தின் அவமானம் என்றார். புதினைத் தன் நாட்டை நேசிக்கும் தலைவர் என்று புகழ்ந்தார். உக்ரைனோடு 600 கிலோமீட்டருக்கு மேல் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடு ருமேனியா. போர்க்காலத்தில் உக்ரைனின் தானியம் கான்ஸ்டான்ட்சா துறைமுகம் வழியாகத்தான் பெருமளவில் வெளியேறியது. அப்படிப்பட்ட நாட்டில் இப்படி ஒருவர் அதிபரானால் மாஸ்கோவுக்குக் கசக்குமா? நோக்கம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் நோக்கம் வேறு, நிரூபணம் வேறு.

டிசம்பர் 4 அன்று அதிபர் கிளாவுஸ் யோஹானிஸ், நாட்டின் உச்சப் பாதுகாப்பு மன்றத்தின் முன் வைக்கப்பட்ட உளவு அறிக்கைகளை வெளியிட்டார். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னதாக ஏறத்தாழ 25,000 டிக்டாக் கணக்குகள் திடீரென்று விழித்துக்கொண்டு ஜார்ஜெஸ்குவைப் பரப்பின. அவற்றில் 800 அளவிலான கணக்குகள் 2016-இல் தொடங்கப்பட்டு அதுவரை தூங்கிக்கிடந்தவை. காணொளி போடுபவர்களுக்கு ஒரே கணக்கிலிருந்து ஒரு மாதத்தில் 3,81,000 டாலர் போயிருந்தது. தேர்தல் கணினி அமைப்புகள் மீது 85,000-க்கும் மேற்பட்ட தாக்குதல் முயற்சிகள் நடந்தன. தேர்தல் இணையதளங்களின் கடவுச்சொற்கள் ரஷ்ய இணையக் குற்றவாளிகளின் தளங்களில் கிடந்தன. இத்தனைக்கும் நடுவே அந்த வேட்பாளர் தன் பிரசாரச் செலவாகக் கணக்குக் காட்டியது பூஜ்யம்.

அறிக்கைகளின் சாரத்தை முதல் தடவை படிக்கும்போது மலைப்பாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படிக்கும்போது ஓட்டைகள் தெரிகின்றன. 85,000 முயற்சிகளால் ஒரு வாக்காவது மாறியதா என்றால், இல்லை. கையால் எண்ணிய சீட்டுகள் சரியாக இருந்தன. கடவுச்சொல் ரஷ்ய மொழித் தளத்தில் கிடந்தது என்பதற்காக அதைத் திருடச் சொன்னது ரஷ்ய அரசு என்றாகிவிடாது. உலகத்தின் பாதிக் கடவுச்சொற்கள் அங்கேதான் விற்பனைக்குக் கிடக்கின்றன. உள்நாட்டு உளவுத்துறையின் தாளில் "அரசு சார்ந்த சக்தி" என்ற அளவில்தான் பேச்சு. ரஷ்யாவைப் பெயர் சொல்லிப் பேசிய வெளிநாட்டு உளவுத்துறையின் அறிக்கை, அந்நாடு ஐரோப்பாவில் பொதுவாக எப்படி இயங்குகிறது என்று வகுப்பு எடுத்தது. முறை உக்ரைனிலும் மால்டோவாவிலும் கண்டதைப் போலவே இருக்கிறது என்றார்கள். ஒத்திருக்கிறது என்பது விசாரணையின் தொடக்கம். இங்கே அதுவே முடிவாகிவிட்டது.

நீதிமன்றத்தின் தீர்ப்பு ரஷ்யாவைச் சுற்றிச் சுழலவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. வாக்காளர்கள் ஏமாற்றப்பட்டார்கள், சமூக ஊடகத்தின் அல்காரிதம் ஒருவருக்குச் சாதகமாகத் திருப்பப்பட்டது, செலவுக் கணக்கு மறைக்கப்பட்டது, வேட்பாளர்களுக்கிடையே சமவாய்ப்பு கெட்டது என்பதுதான் அதன் வாதம். யாரும் கேட்டு வந்த தீர்ப்பும் அல்ல. நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்தது. ஜார்ஜெஸ்குவுக்குத் தன் தரப்பைச் சொல்ல ஒரு விசாரணை நாள் இல்லை. குறுக்கு விசாரணை இல்லை. ரத்து என்றதும் ஜார்ஜெஸ்கு மட்டும் கொதிக்கவில்லை. அவரை எதிர்த்து இரண்டாம் சுற்றில் நின்ற, ஐரோப்பிய ஒன்றியத்தை ஆதரிக்கும் லாஸ்கோனியும் கொதித்தார். அது எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்த ரத்தால் தனக்கே நன்மை வரலாம் என்ற நிலையில் இருந்தவர், ஜனநாயகத்தை மிதிக்கிறார்கள் என்றார்.

ஏன் இந்தச் சின்ன விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பலமுறை போயிருக்கிறேன். விடியற்காலையில் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். பதிவானது சரியாக வருகிறது என்று அவர்கள் பார்த்து ஒப்ப வேண்டும். எந்திரத்தை முத்திரையிடும்போது அவர்களும் கையெழுத்துப் போடலாம். மாலையில் 17சி படிவத்தில் மொத்த வாக்கை எழுதி ஒவ்வொரு முகவர் கையிலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் பசியோடும் தூக்கத்தோடும் இந்தச் சடங்குகளைச் செய்யும்போது எரிச்சலாக இருக்கும். ஜெயிக்கப்போகிற கட்சியின் முகவர் அவசரப்படுத்துவார், போட்டு முடியுங்கள் சார் என்பார். தோற்கப்போகிற கட்சியின் முகவர்தான் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் படிப்பார். அவர் கையெழுத்துக்காகத்தான் அத்தனை காகிதமும். ஜெயித்தவரை நம்பவைக்கத் தேர்தல் ஆணையம் எதற்கு?

ருமேனியாவில் 21 லட்சம் பேர் ஜார்ஜெஸ்குவுக்கு வாக்களித்திருந்தார்கள். டிசம்பர் 6 அன்று நம்பவைக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். அவர்களிடம் நீட்டப்பட்டதோ உளவுத்துறை எழுதிய சில தாள்கள். கம்யூனிச சர்வாதிகாரி செளசெஸ்குவின் செக்யூரிட்டாடே ரகசியப் போலீஸ் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டு, அண்டை வீட்டாரையே ஒற்றராக்கிய நாடு அது. அந்தக் காலத்தை நேரில் அனுபவித்தவர்கள் இன்றும் அறுபது வயதில் வாக்களிக்க வருகிறார்கள். "உளவுத்துறை சொல்கிறது, உன் வாக்கு செல்லாது" என்று அவர்களிடம் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், அல்லது எவ்வளவு மறதி வேண்டும்!

தேர்தலை ரத்து செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2016-இல் ஆஸ்திரியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றை ரத்து செய்தது. வெற்றி வித்தியாசம் 30,863 வாக்கு. தபால் வாக்குகளை விதிக்கு மாறாக முன்கூட்டியே பிரித்தார்கள், தகுதியில்லாதவர்கள் எண்ணினார்கள் என்று புகார். நீதிமன்றம் அறுபதுக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கூப்பிட்டு வைத்து வெளிப்படையாக விசாரித்தது. மாவட்டம் மாவட்டமாக, எந்த உறையை யார் எத்தனை மணிக்குப் பிரித்தார் என்பது வரை வந்தது. மோசடி நடந்ததற்குச் சான்றில்லை, ஆனால் விதி மீறப்பட்டிருக்கிறது, மீறலின் அளவு வெற்றி வித்தியாசத்தைவிடப் பெரியது என்று கணக்கோடு சொல்லி ரத்து செய்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மறுதேர்தல் நடந்தது. முன்பு வென்ற ஃபான் டெர் பெல்லனே இன்னும் கூடுதல் வித்தியாசத்தில் வென்றார். புகார் கொடுத்த தீவிர வலதுசாரிகளின் வேட்பாளர் நோர்பர்ட் ஹோஃபர் அன்று மாலையே தோல்வியை ஒப்புக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்.

பக்கத்து வீடான மால்டோவாவின் கதை இன்னும் பொருத்தம். ருமேனிய மொழியே பேசும் நாடு. ருமேனியாவுக்குச் சில வாரம் முன்னால், 2024 அக்டோபர் 20 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் இலக்கை அரசியல் சாசனத்தில் எழுதுவதா என்று பொது வாக்கெடுப்பும் அதிபர் தேர்தலின் முதல் சுற்றும் சேர்ந்து நடந்தன. தப்பியோடி மாஸ்கோவில் வாழும் கோடீஸ்வரர் இலான் ஷோர் வாக்குகளை விலைக்கு வாங்குகிறார் என்று மால்டோவாக் காவல்துறை தேர்தலுக்கு முன்பே சொன்னது. வெறுமனே சொல்லவில்லை. ரஷ்யாவின் புரோம்ஸ்வியாஸ்பேங்க் வங்கி வழியாக செப்டம்பர், அக்டோபர் ஆகிய இரண்டு மாதங்களில் மட்டும் சுமார் 3.9 கோடி டாலர், 1,30,000-க்கும் மேற்பட்டவர்களின் கணக்குக்குப் போயிருக்கிறது என்று தொகையோடு சொன்னார்கள். வாக்காளர்களுக்கு அபராதம் விதித்தார்கள், தரகர்களைப் பிடித்தார்கள். வாக்கெடுப்பு 50.35 சதவீதத்தில் நூலிழையில் நிறைவேறியது. இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் தேர்தலை ரத்து செய்யவில்லை. இரண்டாம் சுற்று குறித்த நாளில் நடந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தை ஆதரிக்கும், அப்போது பதவியிலிருந்த அதிபர் மையா சாண்டு வென்றார். ஆமாம், சாண்டு தோற்றிருந்தாலும் இதே பொறுமை இருந்திருக்குமா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மறு ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில நாள் முன்னதாக இரண்டு ரஷ்ய ஆதரவுக் கட்சிகளைப் போட்டியிலிருந்தே விலக்கினார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் 2024-இல் அவர்கள் காட்டியது பணத்தின் தடம். வங்கி, தொகை, தேதி, வாங்கிய ஆள். ருமேனியா காட்டியது ஒரு சாயல்.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் கோபம் வரவைத்த பகுதி.

உளவு அறிக்கைகள் சிறப்பாகச் சுட்டிக்காட்டிய ஒரு டிக்டாக் பிரசாரம் உண்டு. பின்தொடர்பவர்கள் நிறைய வைத்திருக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும், தங்கள் கனவு அதிபர் எப்படி இருக்க வேண்டும் என்று பேசும் குறுங்காணொளிகள் அவை. "சமநிலையும் நேர்மையும்" என்ற பொருள் தரும் ஹேஷ்டேக். யாரும் எந்த வேட்பாளரின் பெயரையும் சொல்ல மாட்டார்கள். ஒப்பனை செய்துகொண்டே பேசுவார்கள், கார் ஓட்டிக்கொண்டே பேசுவார்கள். கீழே கருத்துப் பகுதியில் வந்து விழும்: ஜார்ஜெஸ்கு, ஜார்ஜெஸ்கு, ஜார்ஜெஸ்கு. பேசியவர்களுக்கு ஒரு விளம்பரத் தளத்தின் வழியாகப் பணம் போயிருக்கிறது. உக்ரைனில் ரஷ்யா செய்த ஒரு பிரசாரத்தை இது அப்படியே ஒத்திருக்கிறது என்றது அறிக்கை.

டிசம்பர் 20 வாக்கில் ஸ்னூப் என்ற ருமேனியப் புலனாய்வு இதழ் ஒரு செய்தியைப் போட்டு உடைத்தது. வரித்துறை அந்தப் பணத்தின் தடத்தைத் தேடிப்போனபோது அது ரஷ்யாவில் முடியவில்லையாம். புக்காரெஸ்டிலேயே, தேசிய லிபரல் கட்சியின் வாசலில் முடிந்ததாம். ஆளும் கூட்டணியில் இருந்த கட்சி. யோஹானிஸ் வந்த கட்சி. அவர்கள் ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து அந்தப் பிரசாரத்தை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். கட்சியின் விளக்கம் என்னவென்றால், நாங்கள் ஏற்பாடு செய்தது உண்மைதான், ஆனால் எங்கள் பிரசாரத்தை யாரோ இன்னொரு வேட்பாளருக்காகத் திருப்பிவிட்டார்கள்.

இருக்கலாம். கருத்துப் பகுதியைப் போலிக் கணக்குகளால் நிரப்பியவர்கள் வேறு யாராகவும் இருக்கலாம். பெயர் சொல்லாமல் ஆதரவு திரட்டும் பிரசாரம், பக்கத்தில் காலி இருக்கை போட்டுவைத்த மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. யார் வேண்டுமானாலும் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். அந்தக் கட்சியின் வேட்பாளர் நிக்கோலாயே சூக்கா 8.79 சதவீதத்தோடு ஐந்தாவதாக வந்தார் என்பதைப் பார்த்தால் இருக்கை எவ்வளவு காலியாக இருந்தது என்பது புரியும். நான் கேட்பது வேறு. அரசியல் விளம்பரம் என்ற அடையாளம் இல்லாமல், செலவு யாருடையது என்ற குறிப்பு இல்லாமல், இளைஞர்களின் வாய்க்குள் சொற்களைத் திணித்து ஒரு ஆளுங்கட்சி காசுக்கு ஆள் பிடித்திருக்கிறது. அதே வேலையைச் செய்ததாக ஜார்ஜெஸ்குவைச் சொல்லித் தேர்தலையே ரத்து செய்திருக்கிறார்கள். "வெளிநாட்டுத் தலையீடு" என்ற சொற்கள் இல்லாவிட்டால் இந்தக் கேள்வி அந்தக் கட்சியின் கழுத்தைப் பிடித்திருக்கும். அந்தச் சொற்கள் இருந்ததால் ஒரு வாரச் செய்தியாகக் கடந்துபோனது.

பூஜ்யம் லெய் (ருமேனிய நாணயம்) என்ற செலவுக் கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேசிய வேட்பாளர் பைசா செலவில்லாமல் பிரசாரம் செய்தேன் என்று எழுதிக் கொடுக்கிறார், அது முகத்திலறையும் பொய்யாக இருக்கிறது. அதைப் பிடிக்க நாட்டில் தேர்தல் ஆணையம் இருக்கிறது, வழக்குத் தொடுக்கச் சட்டம் இருக்கிறது. ரஷ்யா என்ற பெயரையே உச்சரிக்காமல், திறந்த நீதிமன்றத்தில், வங்கிக் கணக்கை மேசைமேல் வைத்து நடத்தியிருக்கக்கூடிய வழக்கு. இரண்டாம் சுற்றைச் சில வாரம் தள்ளிவைத்துக்கூட அதை நடத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். டிக்டாக் மீதான கேள்விக்கும் இதே கதிதான். வேட்பாளரின் காணொளிகளை அரசியல் உள்ளடக்கமாக அடையாளப்படுத்தாமல் ஓடவிட்டார்கள் என்பது உளவுத்துறையின் குற்றச்சாட்டு, நிறுவனம் மறுத்தது. டிசம்பர் 17 அன்று ஐரோப்பிய ஆணையம் முறைப்படி விசாரணை தொடங்கியபோது தேர்தலே இல்லாமல் போயிருந்தது.

அந்த 21 லட்சம் பேரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களை டிக்டாக் மயக்கிவிட்டது என்பது புக்காரெஸ்ட் அறிவாளிகளுக்கு வசதியான விளக்கம். வெளிநாட்டில் வாழும் ருமேனியர்கள் வாக்குகளில் ஜார்ஜெஸ்கு பெற்றது 40 சதவீதத்துக்கும் மேல். யார் இவர்கள்? இத்தாலியில் முதியோரைக் குளிப்பாட்டுபவர்கள், ஸ்பெயினில் பழம் பறிப்பவர்கள், ஜெர்மனியில் இறைச்சிக்கூடத்தில் நிற்பவர்கள், கண்டம் முழுவதும் லாரி ஓட்டுபவர்கள். ஊரில் வேலை இருந்திருந்தால் போயிருக்க மாட்டார்கள். 2021-இலிருந்து எதிரெதிராக நிற்க வேண்டிய இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து ஆட்சி நடத்தின. கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை. டிசம்பர் 1-இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் மூன்று தீவிர தேசியவாதக் கட்சிகள் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாக்கை அள்ளின. அந்தத் தேர்தலை யாரும் ரத்து செய்யவில்லை. ரஷ்யா இந்தக் கோபத்துக்கு விசிறி வீசியிருக்கலாம். அடுப்பு மூட்டியது ருமேனியாவை ஆண்டவர்கள்.

ரத்துக்குப் பிறகு வெளிநாட்டுத் தலையீடு எப்படி இருக்கும் என்பதை உலகமே வந்து செய்து காட்டியது. 2025 பிப்ரவரி 14 அன்று மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் மேடையேறி, சில லட்சம் டாலர் இணைய விளம்பரத்தால் அழிந்துவிடும் ஜனநாயகம் என்றால் அது முதலிலேயே பலமாக இருந்திருக்காது என்றார். எலான் மஸ்க் ருமேனிய நீதிபதிகளைத் தன் தளத்தில் வசைபாடினார். இன்னொரு நாட்டின் தேர்தல் வழக்கில், மறுதேர்தலுக்கு முன்பாக, உலகின் மிகப் பெரிய அரசின் இரண்டாம் தலைவரும் மிகப் பெரிய பணக்காரரும் தரப்பு எடுத்துப் பேசுவதற்கு என்ன பெயர்? வான்ஸ் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் எரிச்சல்.

அதே வாரத்தில் நம் பக்கமும் இந்தக் காற்று வீசியது நினைவிருக்கலாம். இந்தியாவில் வாக்குப்பதிவைக் கூட்ட 2.1 கோடி டாலர் ஒதுக்கியிருந்ததை ரத்து செய்கிறோம் என்று அமெரிக்க அரசில் மஸ்க் நடத்திய சிக்கனக் குழு அறிவித்தது. யாரையோ ஜெயிக்க வைக்கப் பார்த்தார்கள் என்று டிரம்ப்பும் சேர்ந்துகொண்டார். டெல்லியில் ஆளுங்கட்சி காங்கிரசை நோக்கி விரலை நீட்டியது. காங்கிரஸ் திருப்பி நீட்டியது. சில நாளில் இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆவணங்களைப் பார்த்து, அந்தப் பணம் இந்தியாவுக்கானதே அல்ல, வங்கதேசத்துக்கானது என்று எழுதியது. விரலை நீட்டியவர்கள் அதை மடக்கிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. அந்நியக் கை என்பது இந்திரா காந்தி காலத்திலிருந்தே நமக்குப் பழகிய கை. அதில் ஒரு வேடிக்கை: டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹன், சி.ஐ.ஏ. பணம் இரண்டு முறை காங்கிரசுக்குப் போனது, ஒருமுறை இந்திராவின் கையிலேயே கொடுக்கப்பட்டது என்று 1978-இல் எழுதிவைத்தார். காங்கிரஸ் மறுத்தது. இதையும் இரு தரப்பும் தங்களுக்கு வேண்டிய அன்று மட்டும் எடுத்துப் படிப்பார்கள்.

அரசியல் சாசன விஷயங்களில் ஆலோசனை சொல்லும், ஐரோப்பிய மன்றத்தின் வெனிஸ் ஆணையம் 2025 ஜனவரியில் தன் கருத்தைச் சொன்னது. ராஜதந்திர மொழிதான், ஆனால் குட்டு விழுந்த இடம் தெளிவு: தேர்தலை ரத்து செய்வது ரகசிய உளவுத் தகவலை மட்டும் நம்பி நடக்கக் கூடாது, எந்த விதி மீறப்பட்டது, என்ன சான்று என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும், சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் தரப்பை வைக்க வழி இருக்க வேண்டும். பதவிக்காலம் முடிந்தும் நாற்காலியில் தொடர்ந்த யோஹானிஸ், பதவிநீக்கத் தீர்மானம் நெருங்கவே பிப்ரவரியில் விலகினார். மார்ச்சில் தேர்தல் அமைப்பு ஜார்ஜெஸ்குவின் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்தது, நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

மே 4 அன்று மறுதேர்தலின் முதல் சுற்று. ஜார்ஜெஸ்குவின் இடத்தில் நின்ற தேசியவாதி ஜார்ஜ் சிமியோன் 40.96 சதவீதம் பெற்றார். நவம்பரில் ஜார்ஜெஸ்கு வாங்கியதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நவம்பரில் இரண்டாவதாக வந்த லாஸ்கோனி மூன்று சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மே 18 இறுதிச் சுற்றில் பயந்துபோன நகரங்கள் திரண்டு வந்தன. வாக்குப்பதிவு 64 சதவீதத்தைத் தாண்டியது. புக்காரெஸ்ட் மேயரும் கணித மேதையுமான நிகுஷோர் டான் 53.6 சதவீதத்தோடு வென்றார். நான் அங்கே வாக்காளராக இருந்திருந்தால் டானுக்குத்தான் போட்டிருப்பேன்.

வாக்குப்பதிவு நாளிலேயே டெலிகிராமின் நிறுவனர் பாவெல் துரோவ், ருமேனியாவின் பழமைவாதக் குரல்களை அடக்கும்படி ஒரு மேற்கு ஐரோப்பிய அரசு தன்னைக் கேட்டது என்று எழுதினார். பிறகு பிரெஞ்சு வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவரின் பெயரையே சொன்னார். பிரான்ஸ் மறுத்தது. சிமியோன் முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மனம் மாறி அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார். பிரான்சும் மால்டோவாவும் தலையிட்டன, டிசம்பரில் எந்தக் காரணங்களுக்காக ரத்து செய்தீர்களோ அதே காரணங்களுக்காக இதையும் ரத்து செய்யுங்கள் என்றார். மனு ஒருமனதாகத் தள்ளுபடியானது. சட்டப்படி அது சரியான முடிவு; அவரிடம் துரோவின் இணையப் பதிவைத் தாண்டிப் பெரிதாக எதுவுமில்லை. ஆனால் அவருக்கு வாக்களித்த 53 லட்சம் பேருக்கு, முன்னால் சில தாள்கள் போதுமாக இருந்தன, இப்போது ஏன் போதவில்லை என்ற கேள்வி மிஞ்சிவிட்டது. அந்தக் கேள்வியை அவர்கள் கையில் கொடுத்தது சிமியோன் அல்ல.

2025 செப்டம்பர் 16 அன்று ருமேனியாவின் தலைமை வழக்குரைஞர் அலெக்ஸ் ஃபுளோரென்ட்சா செய்தியாளர்களைக் கூட்டினார். தேர்தல் ரத்தான பிறகு தலைநகரில் வன்முறையைத் தூண்டி அரசியல் சாசன ஒழுங்கைக் குலைக்க முயன்றதாக ஜார்ஜெஸ்கு மீதும், கூலிப்படைத் தலைவர் ஒருவர் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்டோர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டிருந்தது. கூடவே, இணையப் பிரசாரத்தின் பின்னால் ரஷ்யாவோடு தொடர்புள்ள நிறுவனங்கள் எப்படி இயங்கின என்பதையும் அவர் விளக்கினார். ஜார்ஜெஸ்கு எல்லாவற்றையும் மறுக்கிறார். நவம்பரிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த மாதிரியான விவரங்கள் அதில் இருந்தன. தேர்தலை ரத்து செய்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.